43 குதிரைத்திறனோடு ஒரு பந்தயம்

ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் என்ற குட்டி பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் முதல் மாடல் 1958 மே மாதம் வெளிவந்தது. 948 சிசி என்ஜின், 43 குதிரைத்திறன், அதிகபட்ச வேகம் மணிக்கு சுமார் 130 கி.மீ. இன்றைய சாதாரணக் குடும்பக் கார் இதை அலட்டிக்கொள்ளாமல் முந்திவிடும். இருந்தாலும் பழைய கார் பந்தயத்துக்கு இதைத்தான் எடுத்தேன். என்ஜினும் கியர்பாக்ஸும் ஆஸ்டின் ஏ35 என்ற குடும்பக் காரின் வழி வந்தவை, ஸ்டியரிங் இன்னொரு குடும்பக் காரான மோரிஸ் மைனருடையது. அதனால் உதிரிபாகங்களுக்கு இன்றும் பஞ்சமில்லை. முன் மட்கார்டுகளோடு சேர்த்து பானெட் மொத்தமாக மேலே எழும்பும் என்பதால், டயருக்குப் பக்கத்தில் நின்றபடியே முழு என்ஜினையும் கழற்றி மாட்டலாம். எடையோ 700 கிலோவுக்கும் குறைவு. டயரும் பிரேக் ஷூவும் நாள்பட வரும்.

பந்தயக் கார் தயாரிப்பு என்றாலே பலரும் கேம்ஷாஃப்ட், கார்புரேட்டர் என்று ஆரம்பிப்பார்கள். என்னைக் கேட்டால் என்ஜினைக் கடைசியில் தொட்டால் போதும். இந்தக் காரில் முதலில் கவலைப்பட வேண்டியது பின்சக்கரங்களைச் சுழற்றும் ஹாஃப்-ஷாஃப்ட்டைப் பற்றி. ஒல்லியான சமாச்சாரம். ஒட்டும் டயரைப் போட்டுக்கொண்டு, ஸ்டார்ட்டில் கிளட்சைப் படீரென்று விட்டால் முறிகிற முதல் பாகம் அதுதான். நான் தடிமனான, பந்தயத்துக்கென்றே செய்த ஷாஃப்ட்டுகளைப் போட்டேன். கூடவே ஆக்சில் முனை ஆயில் சீல்களையும் மாற்றினேன். அங்கே கசிந்தால் ஆயில் நேராக பிரேக் டிரம்முக்குள்தான் போகும்.

அப்புறம் பாதுகாப்பு: கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் பார், உடம்பை சீட்டோடு கட்டிவைக்கும் பெல்ட்டான ஹார்னஸ், தீயணைப்பான், என்ஜினிலிருந்து வழியும் ஆயில் டிராக்கில் சிந்தாமல் பிடிக்கும் ஆயில் கேட்ச் டேங்க். ஹார்னஸ் வாங்கும்போது அதில் தைத்திருக்கும் லேபிளைப் பாருங்கள். சர்வதேச கார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ-வின் அங்கீகாரம் பெற்ற பெல்ட்டில் காலாவதி ஆண்டு அதிலேயே இருக்கும். பார்க்கப் புதிதாக இருந்தாலும் ஆண்டு தாண்டிவிட்டால் செல்லாது.

மருத்துவப் பரிசோதனை, லைசென்ஸ் வகுப்பு இரண்டும் பெரிய விஷயமில்லை. பந்தயத்தில் ஓட்டுநர்களுக்குக் காட்டும் கொடிகளை மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும்படி படித்துக்கொள்ளுங்கள். மஞ்சளும் சிவப்பும் எல்லோருக்கும் தெரியும். கறுப்புக் கொடியில் ஆரஞ்சு வட்டம் இருந்தால் உங்கள் காரில் ஏதோ கோளாறு, உடனே பிட்டுக்குள் (டிராக்கோரம் கார்களைச் சரிபார்க்கும் இடம்) வா என்று அர்த்தம். ஆயில் ஒழுக்கும் பழைய கார்களுக்கு இது அடிக்கடி காட்டப்படும் கொடி.

உண்மையான பரீட்சை, பந்தயத்துக்கு முன் காரைச் சோதிக்கும் ஸ்க்ரூட்டினிதான். முதலில் மெயின் சுவிட்ச். ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின், சுவிட்சை அணைத்ததும் நின்றாக வேண்டும். டைனமோ உள்ள பழைய காரில் பேட்டரியை மட்டும் துண்டித்தால் போதாது, டைனமோவே இக்னிஷனுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும். அதனால் இக்னிஷனையும் சேர்த்து வெட்டும் சுவிட்ச்தான் போட்டிருந்தேன். அதில் பாஸ்.

அடுத்து பரிசோதகர் முன்சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். லேசான ஆட்டம். "பிரேக்கை அழுத்திப் பிடிங்க" என்றார். பிடித்தேன். மறுபடி ஆட்டினார், ஆட்டம் அப்படியே இருந்தது. பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின், அதாவது ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரம் திரும்பும் அச்சாணி, தேய்ந்திருக்கிறது என்று அங்கேயே விளக்கினார். கருவி எதுவும் இல்லாமல் செய்கிற இந்தச் சோதனைக்கே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம். கிங்பின்னுக்கு கிரீஸ் அடித்தபின் ஆட்டம் குறைந்தது. திரும்பவும் சோதித்து, அனுமதிக்கிற அளவுக்குள்தான் இருக்கிறது, ஆனால் அடுத்த பந்தயத்துக்குள் மாற்றிவிட வேண்டும் என்று எழுதிவிட்டு ஸ்டிக்கரை ஒட்டினார்.

டிராக்கில் இறங்கினால் வேறு கதை. 43 குதிரைத்திறனில் ஒரு கார்னரில் வேகத்தை இழந்தால், அடுத்த நேர்ச்சாலை முழுக்க அதைத் திரும்பச் சேர்ப்பதிலேயே போய்விடும். ஆகவே முடிந்தவரை பிரேக்கைத் தொடாமல் ஓட்டுவதுதான் ஆட்டம். இதில் ஒரு சிக்கல் உண்டு. முதல் மாடல் ஸ்பிரைட்டின் பின்பக்கம் கால்-நீள்வட்ட ஸ்பிரிங்கில் (ஒரு முனை காரின் உடலோடு இறுக்கப்பட்டு, மறுமுனை ஆக்சிலைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்) நிற்கிறது. வளைவில் உடல் சாய்ந்தால் பின் ஆக்சில் தானாகவே கொஞ்சம் திரும்பிக்கொள்ளும். முதலில் வண்டி சுழலப் போகிறது என்று வயிற்றைக் கலக்கும். ஆக்ஸிலரேட்டரைப் பட்டென்று விட்டுவிட்டால் நிஜமாகவே சுழலும். காலை அசைக்காமல், ஸ்டியரிங்கை இம்மியளவு திருப்பிக் காத்திருந்தால் தானே அடங்கிவிடுகிறது. பயிற்சி ஓட்டத்தின் பெரும்பகுதி இந்தக் காத்திருப்பைப் பழகுவதிலேயே கழிந்தது.

பந்தயத்தில் பின்வரிசையில்தான் கிளம்பினேன். நேர்ச்சாலையில் என்னைத் தாண்டிப் போன ஒரு பெரிய காரை அடுத்தடுத்த வளைவுகளில் எட்டிப் பிடிப்பதும், மறுபடி விட்டுவிடுவதுமாக நல்ல கூத்து. பாதிக்கு மேல் பிரேக் டிரம்கள் சூடாகி விரிந்து பெடல் கீழே கீழே போனது. சீக்கிரமாக, மெதுவாக பிரேக் பிடித்துச் சமாளித்தேன். கடைசியில் இரண்டு கார்களுக்கு முன்னால் முடித்தேன். அதில் ஒன்று வழியிலேயே நின்றுபோனது, சரி, அதுவும் கணக்குதான்.

வண்டியை நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். கொதிக்கிற டிரம்மில் ஷூ ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்தால் போதும்.

கிங்பின் மாற்றியாகிவிட்டது. முன்பக்கம் டிரம்முக்குப் பதில் டிஸ்க் பிரேக் போடச் சொல்லி நண்பர்கள் நச்சரிக்கிறார்கள். 1962-ல் 1098 சிசி என்ஜினோடு வந்த ஸ்பிரைட்டின் டிஸ்க் பாகங்களை இதில் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் நான் ஓடும் பிரிவில் கார் வெளிவந்த காலத்து பிரேக்தான் இருக்க வேண்டும். ஆகவே டிரம்தான், அதற்குள் காற்றுப் போக வழி செய்வதில்தான் இப்போது இறங்கியிருக்கிறேன்.