பெயர்த்தகடு இல்லாத இயந்திரம்

எங்கள் பாடசாலையில் பௌதிகம் படிப்பித்த சேர் காலமான செய்தி வந்ததிலிருந்து அங்கே கடைசி அலுமாரியில் இருந்த அந்த இயந்திரத்தின் நினைவாகவே இருக்கிறது. எந்த அலுமாரி என்று எங்கள் காலத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இரண்டு கண்ணாடித் தட்டுகள், ஒரு கைபிடி, பித்தளைக் குமிழ்கள், மின்னேற்றத்தைச் சேமிக்கும் இரண்டு சாடிகள். செய்தவர் பெயர் இல்லை. பெயர்த்தகடு இருந்த இடத்தில் ஆணித் துவாரங்கள்தான் மிச்சம். பதிவேட்டில் ‘மின் இயந்திரம் – 1’ என்பதோடு சரி. பாதிரிமார் கொண்டுவந்தது என்று ஒரு கதை, கொழும்பில் ஏலத்தில் எடுத்தது என்று இன்னொன்று.

உயர்தர வகுப்பில் ஒருநாள் சேர் அதை மேசையில் தூக்கி வைத்து, “இது என்னெண்டு நீங்களே சொல்லுங்கோ” என்றார். உராய்வு இயந்திரம் என்றோம். “அப்ப கண்ணாடியிலை உரசுற தோல் மெத்தை எங்கை?” ஹோல்ட்ஸ் இயந்திரம், அதாவது இன்னொரு வகை மின் இயந்திரம், என்றான் ஒருவன். அதில் வழக்கமாக ஒரு தட்டு அசையாது நிற்கும் என்று சொல்லி, கைபிடியைச் சுற்றவைத்தார். ஒரு பட்டி நேராகவும் மற்றது குறுக்காகவும் மாட்டியிருந்ததால் தட்டுகள் எதிரெதிராகச் சுழன்றன. தட்டுகளில் வட்டமாக ஒட்டியிருந்த உலோகத்தாள் துண்டுகளைக் கம்பித் தூரிகைகள் தடவிக்கொண்டு போயின. அதையெல்லாம் பார்த்த பிறகுதான் நிலைமின் உண்டாக்கும் விம்ஸ்ஹர்ஸ்ட் இயந்திரம் என்று பெயரைச் சொன்னார். ஜேம்ஸ் விம்ஸ்ஹர்ஸ்ட் கப்பல்களைப் பரிசோதிக்கும் அதிகாரி. 1880களின் தொடக்கத்தில் இதை உருவாக்கியும் காப்புரிமை எடுக்காதவர்; யாரும் செய்து விற்கலாம். 1895இல் எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்ட பின் அந்தக் கதிரை உண்டாக்கும் குழாய்களுக்கும் இதிலிருந்து மின்சாரம் கொடுத்தார்களாம்.

அன்று மாரி மழை. ஈரக் காற்றில் மின்னேற்றம் கசிந்துவிடும்; எவ்வளவு சுற்றியும் ஒன்றும் நடக்கவில்லை. விடுதிக் குசினியிலிருந்து தணல் எடுப்பித்து, தட்டுகளுக்குப் பதமாக வெக்கை காட்டி, பட்டுத் துணியால் துடைத்தார் சேர். அப்புறம் சுற்றியபோது குமிழ்களுக்கிடையே சடக்கென்று நீலப் பொறி பறந்தது. நாங்கள் போட்ட சத்தத்தில் அதிபரே வந்துவிட்டார்.

புலம்பெயர்ந்து வந்த இங்கே பழைய இயந்திரங்களைத் திருத்துவதுதான் என் தொழில். விவரம் எதுவும் இல்லாமல் ஒன்று வந்தால், அதில் என்ன இல்லை என்று முதலில் பார்ப்பேன். அது சேர் தந்தது. நாங்கள் ஒவ்வொருவராகப் புறப்பட்டு வந்தோம். அவர் இடம்பெயர்ந்தும் திரும்பிப் போய் அதே மேசையில் நின்றார். பின்தட்டில் வெடிப்பு விழுந்துவிட்டது, பெடியள் அக்கிரிலிக்கில் வெட்டிப் பார்க்கிறார்கள் என்று கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தார். அந்தப் பெடியளுக்குப் பக்கத்தில் நானும் நின்றிருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து மனம் அடித்துக்கொள்கிறது.

புதுத் தட்டுக்கான செலவு என்னுடையது. வரும் ஆவணியில் போய்ப் பூட்டிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். நம்மவர்களில் யாராவது கூட வருவதென்றால் பழைய மாணவர் சங்கச் செயலாளரிடம் சொல்லுங்கள்.