தீம் விற்கப் போய் வலிடேட்டரிடம் மாட்டிய கதை

"நிரலின் தரம் போதாது. எச்டிஎம்எல் பிழைகளைத் திருத்தி மீண்டும் அனுப்பவும்." வேர்ட்பிரஸ் தளங்களுக்குத் தோற்றம் தரும் கோப்புத் தொகுப்பான தீம் ஒன்றைச் செய்து, தீம் விற்கும் இணையச் சந்தைக்கு அனுப்பியிருந்தேன். அங்கிருந்து வந்த பதில் இவ்வளவுதான். எந்தப் பக்கம், எந்த வரி என்று ஒரு சொல் இல்லை. சரிபார்ப்பவர் பார்த்துவிட்டுத்தான் எழுதினாரா, எல்லோருக்கும் இதே வரியை ஒட்டி அனுப்புகிறாரா என்று எனக்கு இன்னமும் சந்தேகம்.

தீமின் முகப்புப் பக்கத்தை, எச்டிஎம்எல் பிழைகளைக் கண்டு சொல்லும் டபிள்யூ3சி வலிடேட்டரில் போட்டால் பச்சைதான் காட்டியது. வவுனியாவில் இதே தொழில் செய்யும் அண்ணா ஒருவர் சிரித்தார். "முகப்பை யார் பார்க்கிறார்கள் தம்பி? வேர்ட்பிரஸின் சோதனைத் தரவை உள்ளே ஏற்றிவிட்டுப் பார்."

தீமைச் சோதிப்பதற்கென்றே உள்ள மாதிரிப் பதிவுகளும் மெனுக்களும்தான் அந்தத் தரவு; அது படங்களையும் இணையத்திலிருந்து இழுக்கும். மாங்குளத்தில் கைபேசி இணைப்பில் பாதியிலேயே நின்றுவிட்டது. கிளிநொச்சியில் மாமா வீட்டுக்குப் போனால் அங்கே மின்வெட்டு. மடிக்கணினியைச் சுமந்தபடி ஏ9 வீதியில் பஸ் ஏறித் திரும்பினேன். கடைசியில் ஊர் உறங்கிய பிறகு, நள்ளிரவில்தான் ஏறி முடிந்தது.

அப்போதுதான் சிவப்பு வரிகள் கொட்டின. பெரும்பாலானவை ஒரே பிழை: ஒரு பக்கத்தில் ஒரு தடவை மட்டுமே வரவேண்டிய ஐடி என்ற அடையாளப் பெயர் இரண்டு தடவை வருகிறது. கணினித் திரைக்கு ஒன்று, கைபேசிக்கு ஒன்று என ஒரே மெனுவை இரண்டு இடத்தில் அச்சிட்டால், வேர்ட்பிரஸ் ஒவ்வொரு மெனு உருப்படிக்கும் அதே ஐடியைத் திரும்பவும் போடும். சோதனைத் தரவின் மெனு நீளம் என்பதால் பட்டியலும் நீண்டது. வேர்ட்பிரஸ் அச்சிடுவதை இடையில் மாற்ற உதவுபவை ஃபில்டர்கள்; மெனு உருப்படியின் ஐடியை வெறுமையாக்கவும் ஒன்று உண்டு. ஒரே வரி எழுதினேன், அத்தனையும் மறைந்தன. அந்த நேரத்தில் எழுப்பிச் சொல்லத்தான் வீட்டில் ஆளில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் கணினியில் ஓடும் தளத்தைச் சோதிக்கும்போது பக்கத்தின் மூல நிரலைத்தான் வலிடேட்டரில் ஒட்ட வேண்டும். இன்ஸ்பெக்ட் பகுதியில் தெரிவது, உலாவி பிழைகளைத் தானே சரிக்கட்டிய வடிவம். ஸ்கிரிப்ட் டேக்கில் டைப் தேவையில்லை என்று வருவது வெறும் எச்சரிக்கை. அதுவும் உறுத்தினால், வேர்ட்பிரஸ் 5.3 முதல் அதற்கு வழி உண்டு: தீமின் எச்டிஎம்எல்5 ஆதரவுப் பட்டியலில் ஸ்கிரிப்ட், ஸ்டைல் இரண்டையும் சேர்த்துவிடுங்கள், போய்விடும்.

மீண்டும் அனுப்பியபோது எந்தப் பக்கத்தில் என்ன திருத்தினேன் என்று பட்டியலும் இணைத்தேன். நீங்களும் இணையுங்கள். அடுத்த பதிலில் கோப்பின் பெயரே வந்தது! எழுத்தாளர் பெட்டியிலுள்ள இணைப்புக்கு, சாதாரண எழுத்துக்கான எஸ்கேப் ஃபங்ஷன் போடப்பட்டிருந்ததாம்; வெளியே அச்சிடும் முன் ஆபத்தான குறிகளைச் செயலற்றதாக்குவதுதான் எஸ்கேப், இணைய முகவரிக்கு உரியது வேறு. வலிடேட்டர் இதைச் சொல்லாது, அதற்குத் தெரிவது வெளியே வரும் எச்டிஎம்எல் மட்டும்; அதை உருவாக்கும் பிஎச்பி நிரலை அது பார்ப்பதே இல்லை. தீமின் நிரலைச் சோதிக்கும் தீம் செக் செருகுநிரலும் இதில் வாய் திறக்கவில்லை. எஸ்கேப்பை ஒவ்வொரு கோப்பாகக் கண்ணால்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

திருத்தி அனுப்பினேன், ஒப்புதல் வந்துவிட்டது. இப்போது விலை வைப்பதில் அண்ணாவுக்கும் எனக்கும் இழுபறி.