சுவரிலிருந்து தரைக்கு இறங்கிய வரைபடம்

டெல்டா கிராமத்துப் பிள்ளைக்கு யாரும் திசை சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்றாம் வகுப்பில் வந்து உட்காரும்போதே அது உடம்போடு ஒட்டியிருக்கும். இடித்துக்கொண்டு உட்காரும் பையனிடம் “கொஞ்சம் தெக்கால நகருடா” என்பார்கள். தொலைந்துபோன ரப்பர் “பீரோவுக்கு மேக்கால கெடக்கு டீச்சர்.” அதே பிள்ளைகளை வலது கையைத் தூக்கச் சொன்னால், பாதிப் பேர் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துவிட்டுத்தான் தூக்குவார்கள்.

தஞ்சாவூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். இப்படிப் பேசுவதை ஆராய்ச்சியாகவே செய்திருக்கிறார்கள் என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் 1990களில் தமிழ்நாட்டில் கிராமத்துக்காரர்களையும் நகரத்துக்காரர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பக்கத்தில் இருக்கும் சின்னப் பொருளைக் காட்டவும் கிராமத்தில் வடக்கு தெற்கு என்றார்கள், நகரத்தில் இடம் வலம் என்றார்கள். பேச்சில் மட்டுமில்லை, வரிசையாக வைத்த பொருள்களை நினைவில் வைத்துத் திரும்ப அடுக்கச் சொன்னபோதும் அந்த வேறுபாடு பெரும்பாலும் தெரிந்தது. எங்கள் பிள்ளைகள் கையில் இருப்பது சாதாரணச் சொத்து இல்லை என்று அதைப் படித்தபோது தோன்றியது. வரைபடப் பாடம் அதைச் செலவழித்துவிடாமல் பெருக்க வேண்டும்.

ஆனால் வழக்கமாக நடப்பது வேறு. சுவரில் மாட்டிய தமிழ்நாட்டுப் படத்தின் முன்னால் பிள்ளையை நிறுத்தி, “மேல வடக்கு, கீழ தெற்கு” என்று தொடங்குகிறோம். எங்கள் வகுப்பறையில் படம் மாட்ட ஆணி இருந்தது தெற்குச் சுவரில். படத்தைப் பார்த்து நிற்கும் பிள்ளைக்கு உண்மையான வடக்கு முதுகுப் பக்கம் இருக்கிறது. டீச்சரோ உத்தரத்தைக் காட்டி வடக்கு என்கிறார். ஒரு பையன் எழுந்து, “வடக்கு அந்தாண்டல்ல டீச்சர் இருக்கு, மாரியம்மன் கோயில் பக்கம்” என்றான். அவன் சொன்னதுதான் சரி. இந்த இடத்தில் பெரும்பாலான பிள்ளைகள் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள்: ஊரில் ஒரு வடக்கு, பாடத்தில் இன்னொரு வடக்கு. பரீட்சைக்கு இரண்டாவது போதும். அதற்குப் பிறகு அவர்கள் படத்தில் ஊர் பெயர்களை மனப்பாடம் செய்வார்களே தவிர, படத்தைக் கொண்டு எங்கேயும் போக மாட்டார்கள்.

அதனால் என் வகுப்பில் வரைபடம் முதலில் தரையில்தான் விரியும். படத்தின் வடக்கு கோயில் பக்கம் வரும்படி பிள்ளைகளே திருப்பிப் போடுவார்கள். சென்னை கோயில் பக்கம், கன்னியாகுமரி சத்துணவுக்கூடம் பக்கம். நாலு பக்கமும் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் சில பேர் கேரளாவில் இருப்பார்கள், சில பேர் வங்கக் கடலில். “கோயம்புத்தூர் எங்க இருக்கு?” என்றால் படத்தில் ஒரு விரலும் ஜன்னலுக்கு வெளியே ஒரு கையும் ஒரே பக்கம் நீளும். அந்த இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் படம் திரும்பவும் சுவருக்கு ஏறும்.

நிழலையும் பார்க்கிறோம். முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு, பகல் பன்னிரண்டேகால் வாக்கில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று குறிப்போம். நடுப்பகல் நிழல் வடக்கே விழும் என்று நம்பிக்கொண்டிருக்கும் ஆசிரியர்கள் ஜூலை மாதத்தில் எங்கள் முற்றத்துக்கு வந்து பார்க்க வேண்டும். நிழல் தெற்கே விழும். தஞ்சாவூர் ஏறக்குறைய 10.8 பாகை வட அட்சத்தில் இருப்பதால், அந்த மாதங்களில் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. ஆகஸ்ட் கடைசி வாரத்தை ஒட்டி நிழல் குச்சியின் காலடிக்குள் சுருங்கும், அதன் பின் வடக்கே திரும்பும். இதைப் பிள்ளைகள் புத்தகம் இல்லாமலே குறித்து வைத்திருக்கிறார்கள்.

இனி வரைவது. எட்டு வயதுப் பிள்ளையிடம் தெருவை வரையச் சொன்னால், வீடுகளின் முன்பக்கம் வரும், வாசல், ஜன்னல், கூரை எல்லாம் வரும். ரோட்டின் இரண்டு பக்கமும் மரங்கள் ரோட்டிலிருந்து முளைத்து வெளிப்பக்கமாகப் படுத்திருக்கும், ஒரு பக்கத்து மரம் தலைகீழாகவே நிற்கும். இது தப்பு இல்லை. நடந்துபோகிறவள் கண்ணுக்கு எது எந்தப் பக்கம் வருகிறதோ அதை அவள் உண்மையாகப் பதிந்திருக்கிறாள். ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றைப் படமாக வைக்கலாம் என்ற அறிவு பிள்ளைகளுக்குச் சீக்கிரமே வந்துவிடும். ஜூடி டிலோச் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டுகிறது. ஓர் அறையின் சின்ன மாதிரியில் பொம்மையை ஒளித்துவைப்பதைக் காட்டிவிட்டு, பெரிய அறையில் அதே இடத்தில் தேடச் சொன்னார்கள். இரண்டரை வயதுப் பிள்ளைகள் தடுமாறினார்கள், மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் நேராகப் போய் எடுத்தார்கள். ஆகவே நாம் சேர்த்துத் தர வேண்டியது மேலேயிருந்து பார்க்கும் பார்வை ஒன்றுதான்.

அதற்குச் சத்துணவுத் தட்டு போதும். தரையில் வைத்து, குனிந்து நேர் மேலேயிருந்து பார்த்தால் வட்டம். டம்ளர் சின்ன வட்டம். அவரவர் ஒரு பொருளை மேலேயிருந்து பார்த்து வரைய, அது என்ன என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் போட்டு வைத்தாள். தட்டு என்றான் ஒருவன், டயர் என்றான் இன்னொருவன். அவள் பொறுக்க முடியாமல், “கொடம்! உள்ள இருக்கறது வாய், வெளிய இருக்கறது வயிறு” என்றாள். பக்கவாட்டில் பார்த்தால் கீழே இருக்கும் வயிறு, மேலேயிருந்து பார்த்தால் வெளியே வந்துவிடுகிறது. இதைவிடத் தெளிவாக நான் அந்தப் பாடத்தைச் சொல்லியிருக்க முடியாது. அடுத்து எல்லோரையும் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனேன். கைப்பிடிச் சுவர் உள்ள மாடி, இருந்தாலும் ஒரு பெரியவரைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான். மேலேயிருந்து பார்த்த வேப்பமரத்துக்குத் தண்டே இல்லை. அதன்பின் வரைந்த படங்களில் மரங்கள் படுக்கவில்லை.

அளவுக்கு எங்கள் வகுப்பறைத் தரையே உதவியது. இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ், ஒரு டைலுக்குக் கட்டம் போட்ட நோட்டில் ஒரு கட்டம். முற்றத்துக்கு வந்தால் டைல்ஸ் இல்லை, தப்படி போட்டு அளந்தார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் தப்படியும் ஐந்தாம் வகுப்புப் பையனின் தப்படியும் ஒத்துவராமல் சண்டை வந்தது, அந்தச் சண்டையிலிருந்து மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கொடிக்கயிறு வந்தது. நில அளவையில் ஒரு சங்கிலி என்பது 66 அடி, அதில் 100 கண்ணி. கிரிக்கெட் பிட்ச்சின் நீளமான 22 கெஜமும் அதே 66 அடிதான் என்று சொன்னதும், வகுப்பில் அதுவரை வாய் திறக்காத பையன்களுக்கு அளவையில் திடீரென்று அக்கறை வந்துவிட்டது.

இந்தியாவை அளக்கும் வேலையைத் தொடங்கிவைத்த பிரிட்டிஷ் அதிகாரி வில்லியம் லாம்டன் கதையையும் அப்போது சொல்வேன். 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே தொடங்கிய பெரிய முக்கோண அளவை தெற்கே வந்தபோது, எங்கள் சமவெளியில் ஏறி நின்று பார்க்கக் குன்று கிடையாது. எங்கே பார்த்தாலும் மரங்கள். ஆகவே கோயில் கோபுரங்கள்மேல் கருவியை ஏற்றினார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, தியோடலைட் என்ற, கோணம் அளக்கும் அரை டன் கருவி சுவரில் மோதி நெளிந்துபோனது. லாம்டன் வாரக்கணக்காக உட்கார்ந்து தன் கையாலேயே அதைச் சரிசெய்தார். எங்கள் மொட்டை மாடியில் ஏறினாலும் தென்னந்தலைகள்தான் தெரியும் என்பதால், ஏன் கோபுரம் என்று பிள்ளைகள் யாரும் கேட்பதில்லை.

நிறம் பற்றிய விவாதம் வாய்க்காலில் தொடங்கியது. மேட்டூர் அணை திறக்கும் நாள் ஜூன் 12 என்பது இங்கே எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். பள்ளி திறக்கும் சமயம் வாய்க்கால் காய்ந்து கிடக்கும். கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரிந்து, தண்ணீர் எங்கள் பக்கம் வரக் கொஞ்ச நாள் ஆகும். வாய்க்காலுக்கு நீலம் அடித்த பிள்ளையை, “தண்ணியே இல்ல, எதுக்கு நீலம்?” என்று மற்றவன் மடக்கினான். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாளை விரித்துக் காட்டினேன். வருடம் முழுக்கத் தண்ணீர் இருந்தால் நீலம், வறண்டு கிடப்பது கறுப்பு. அவர்களுக்கு அது போதவில்லை. எட்டு மாதம் தண்ணீர், நாலு மாதம் மண் என்றால்? பேசிப் பேசி, கறுப்புக் கரை போட்டு உள்ளே நீலப் புள்ளி வைப்பது என்று முடிவுசெய்து, குறியீட்டு விளக்கத்தில் ‘மொற வாய்க்கா’ என்று எழுதினார்கள். முறை வைத்துத் தண்ணீர் விடும் ஊர்ப் பிள்ளைகளின் குறியீடு அது. அச்சடித்த குறியீடுகளை மனப்பாடம் செய்யச் சொல்வதற்கு முன்னால், தேவைப்பட்டுத் தாமே ஒன்றை உண்டாக்கும் வாய்ப்பைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாக வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு எங்கள் ஊரின் கிராம வரைபடத்தைக் கொண்டுவந்தது இதற்கெல்லாம் பிறகு. அதில் ஒவ்வொரு வயலுக்கும் எல்லைக்கோடும் புல எண்ணும் இருந்தன, வாய்க்கால்களும் வண்டிப்பாதையும் இருந்தன. தாத்தாவின் வயலைப் பையன்கள் வடிவத்தை வைத்தே கண்டுபிடித்தார்கள். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் வெகு நேரம் தேடிவிட்டு, “நாம இருக்கற எடத்துல ஒண்ணுமே இல்லையே டீச்சர்” என்றாள். வீடுகள் இருக்கும் நத்தம் முழுவதற்கும் ஒரே எண். வீடு இல்லை, தெரு இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. வரி வாங்குவதற்காகப் பிறந்த படத்துக்கு வயல்தான் கண்ணில் படும். அந்த வெற்றிடத்தைத்தான் நாங்கள் வரைய எடுத்துக்கொண்டோம்.

முதல் தடவை அவரவர் தெருவை வரையச் சொன்னதில் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. கீழத்தெருப் பிள்ளைகள் தங்கள் தெருவில் கோழிக்கூடு வரைக்கும் போட்டிருந்தார்கள், ஊருக்கு வெளியே தள்ளியிருக்கும் குடியிருப்பு அவர்கள் தாளின் ஓரத்தில் ஒரு கோடாக மட்டும் இருந்தது. அங்கிருந்து வரும் பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. நான் பார்த்துக்கொண்டே கடந்துபோக முடியாது. மறுமுறை ஏற்பாட்டை மாற்றினேன்: ஒரு தெருவை அடுத்த தெருப் பிள்ளைகள்தான் வரைய வேண்டும், அந்தத் தெருப் பிள்ளைகள் வழிகாட்ட வேண்டும். “எங்க புள்ளய அங்கெல்லாம் எதுக்குக் கூட்டிட்டுப் போறீங்க?” என்று ஒரு தாயார் வாசலில் வந்து கேட்டார். பாடம், அம்மா, எல்லாரும் போகிறோம் என்றேன். போனோம். தண்ணீர்க் குழாய்களைக் குறித்தபோது எந்தத் தெருவில் எத்தனை என்பது தாளில் தானாகவே தெரிந்தது, அதற்கு நான் விளக்கம் சொல்லவில்லை.

அந்தக் குடியிருப்புக்கு என்ன பெயர் எழுதுவது என்ற பேச்சும் வந்தது. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்திருந்தார். அங்கிருந்து வரும் பிள்ளைகளையே முடிவுசெய்யச் சொன்னேன். முனையில் நிற்கும் மரத்தைக் கொண்டு ‘புங்கமரத்தெரு’ என்று எழுதினார்கள். படத்தில் இப்போது அதுதான் பெயர்.

இன்னொரு தகராறு பூட்டிய வீடுகள் பற்றியது. வேலைக்காகத் திருப்பூர் போய்விட்ட குடும்பங்களின் வீடுகளைப் போடலாமா கூடாதா? ஆள் இல்லாத வீடு எதற்கு என்றான் ஒருவன். பொங்கலுக்கு வருவார்களே என்றாள் ஒருத்தி. கட்டம் போட்டு உள்ளே ஒரு குறுக்குக்கோடு என்று முடிந்தது.

படம் இப்போது நாலு சார்ட் அட்டைகளை ஒட்டிய அகலம். சாட்டிலைட் படத்தை ஸ்மார்ட் போர்டில் காட்டினால், எங்கள் படத்தோடு ஒப்பிட்டு “அதுல கொளத்தங்கரைப் படிக்கட்டே தெரியல” என்று குறை சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார்கள். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் தண்ணீர் தேங்கும் இடங்களை அதில் குறித்தாக வேண்டும். போன மழையில் எந்த வாசலில் முழங்கால் அளவு நின்றது என்று வீட்டுக்கு வீடு கேட்டு வரும் வேலை ஐந்தாம் வகுப்புக்கு, புங்கமரத்தெருவிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். முடிந்ததும் கிராமசபைக் கூட்டத்தில் விரித்துக் காட்ட ஊராட்சி அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன். தரையில்தான் விரிக்க வேண்டும், வடக்கை வடக்கே வைத்து, என்று பிள்ளைகள் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.