115ஆம் தெருவில் உத்தரிய மாதா

கார்மேல் அன்னை என்றும் நாம் அழைக்கும் உத்தரிய மாதாவுக்குக் கோடானு கோடி தோத்திரம். என் மகள் குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த நாட்களில், கோவளம் கார்மேல் அன்னை கோயிலில் முழந்தாளிட்டு என் அம்மா ஒரு நேர்த்தி வைத்தார். பிள்ளை பிழைத்தால், அவள் எந்தத் தேசத்தில் இருந்தாலும் அங்குள்ள உத்தரிய மாதாவிடம் ஜூலை 16 அன்று வெறுங்காலில் நடந்து வந்து, அவள் உயரத்துக்கு மெழுகுதிரி வைக்கிறேன் என்று. பிள்ளை பிழைத்தாள். நியூ ஜெர்சியில் பள்ளிக்கூடம் போகிறாள், வாய் ஓயாமல் பேசுகிறாள். அம்மாவுக்குத்தான் விசா தள்ளிக்கொண்டே போனது. வருடம் ஏற ஏறப் பிள்ளையும் வளர்ந்தாள், நேர்த்தித் திரியும் அவளோடு சேர்ந்து வளர்ந்தது. கடைசியில் நான் பிள்ளையின் உயரத்தை அளந்து சொல்ல, அம்மா ஊரில் நூல் பிடித்துத் திரி வார்க்கச் சொல்லி, பழைய பட்டுச் சேலையில் சுற்றிப் பெட்டிக்குள் குறுக்காக வைத்துக் கொண்டுவந்தார். வழியில் மூன்றாக ஒடிந்திருந்தது. உள்ளிருந்த நூல் அறவில்லை. "அறாததே அடையாளம்" என்று சொல்லிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நியூயார்க்கில் உத்தரிய மாதாவைக் கேட்டால் கோயில் பழக்கமுள்ளவர்கள் எல்லோரும் கிழக்கு ஹார்லெமைத்தான் கை காட்டுகிறார்கள். மன்ஹாட்டனின் வடகிழக்கு மூலையில், ஆற்றை ஒட்டிய 115ஆம் தெரு. திருவிழாவுக்காகத் தெருக்களை அடைத்திருந்ததால் டாக்சிக்காரர் வெகு தூரத்திலேயே இறக்கிவிட்டார், சொன்ன கட்டணத்துக்கு மேலும் கேட்டு வாங்கிக்கொண்டார். ஜூலை வெயில் தார்ச்சாலையில் ஏறிக்கொண்டிருந்தது. அம்மா அங்கேயே செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார். முழங்கால் வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு நடக்கிறவர். கோயில் வாசலில் கழற்றலாமே என்று நான் சொன்னது காதில் விழவே இல்லை.

நடந்துகொண்டே கேட்டார்: "இத்தாலிக்காரர் ஊர் என்றாயே, அவர்களை எங்கே காணோம்?"

கேள்வி நியாயமானது. வழியில் மெக்சிகோ ரொட்டிக் கடை இருந்தது, போர்ட்டோ ரிக்கோக் கொடி பறந்தது, ஸ்பானிஷ் பாட்டுக் கேட்டது. அதன்பின் இரு பக்கமும் செங்கல் நிறத்தில் ஒரே அச்சில் வார்த்த அரசுக் குடியிருப்புகள், தாமஸ் ஜெபர்சன் பெயர் கொண்டவை. ஆனால் 1930களில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். 'லிட்டில் இத்தாலி' என்று இன்று சுற்றுலாக்காரர்கள் கூடும் மல்பெரி தெருவைவிட அன்று இதுவே பெரிய இத்தாலியக் குடியிருப்பு. நியூயார்க்கின் விமான நிலையங்களில் ஒன்றுக்குப் பெயர் தந்த லா கார்டியா, மேயராவதற்கு முன் இந்த மக்களின் பிரதிநிதியாக அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் இருந்தவர். 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இங்கே மிஞ்சியிருந்த இத்தாலிய வம்சாவளியினர் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான்.

ஒரே நாளில் யாரும் துரத்திவிடவில்லை. 1924ஆம் ஆண்டுச் சட்டம் இத்தாலியிலிருந்து புதிதாக வருவோரின் எண்ணிக்கையைச் சுருக்கிவிட்டது. பழைய மொழியோடு புது ரத்தம் வருவது நின்றது. போருக்குப் பிறகு பிள்ளைகளுக்குக் கார் வாங்கவும் புறநகரில் தோட்டத்தோடு வீடு வாங்கவும் வசதி வந்தது. பிராங்க்ஸ், குயின்ஸ், லாங் ஐலண்ட், நியூ ஜெர்சி என்று சிதறினார்கள். போகாமல் இருந்தவர்களின் பழைய அடுக்கு வீடுகளை வரிசை வரிசையாக இடித்துத்தான் இந்தச் செங்கல் கோபுரங்களை எழுப்பினார்கள். வசதியான குளியலறை கிடைத்தது, உண்மைதான். ஆனால் ஜன்னலுக்கு ஜன்னல் பேசிக்கொண்ட தெருவும், ஒரே கிராமத்தார் ஒரே கட்டடத்தில் கூடி வாழ்ந்த பழக்கமும் அந்த இடிபாட்டோடு போயின. ஏழைகளுக்கு வீடு கட்டுவது புண்ணியம். ஒரு ஊரையே பிரித்துப்போட்டு அதைச் செய்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

கோயிலை நெருங்கியபோது கூட்டம் தெருவை அடைத்திருந்தது. இந்தக் கோயிலில் தீர்ந்துவிட்டது என்று சொல்லித் தன் மெழுகுதிரியை மூன்று மடங்கு விலைக்குத் தலையில் கட்டப் பார்த்தார் ஒருவர். உள்ளே திரி அடுக்கடுக்காக இருந்தது! இன்னொருவர், பணம் கொடுத்தால் வரிசையில் முன்னால் சேர்த்துவிடுகிறேன் என்றார். மாதா வீட்டு வாசலில் நின்று இப்படிப் பிழைக்க வேண்டுமா? முன்னால் நின்றவர்களில் பாதிப் பேர் கைபேசியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, மாதாவைத் திரையில்தான் பார்த்தார்கள். அம்மா அதற்கெல்லாம் அசையவில்லை. ஜெபமாலை உருட்டியபடி நின்றார், சுடும் தரையில் காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு.

அதைப் பார்த்துவிட்டு முன்னால் நின்ற ஒரு ஹைத்தி அம்மாள் திரும்பினார். வெள்ளையும் நீலமுமாக உடுத்தி, தலையில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து அம்மாவின் காலடியில் போட்டார். அம்மா தயங்கினார். அவர் அம்மாவின் கையைப் பிடித்து அதன்மேல் நிற்க வைத்தார். வரிசை நகரும்போதெல்லாம் குனிந்து துண்டை எடுத்து அடுத்த அடியில் போட்டுக்கொண்டே வந்தார். அவர் பேசியது ஹைத்தி மக்களின் கிரியோல் மொழி, அம்மா பேசியது தமிழ். அந்தத் துண்டை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் நிறைகிறது.

ஹைத்தி மக்கள் அன்று ஆயிரக்கணக்கில் வந்திருந்தார்கள். அவர்களின் நாட்டிலும் ஜூலை 16 பெருவிழாதான். சோடோ என்ற அருவிக்கரையில், பனைமரத்தின் மேல் மாதா காட்சி தந்ததாக நம்பும் இடத்துக்கு பல்லாயிரம் பேர் காலங்காலமாக நடந்து போய்வந்தார்கள். ஊர் திரும்ப முடியாமல் நியூயார்க்கில் தங்கிவிட்டவர்கள், இத்தாலியர்கள் விட்டுப்போன இந்தக் கோயிலில் தங்கள் மாதாவைக் கண்டுகொண்டார்கள். 

எங்களுக்குப் பின்னால் கைத்தடியோடு ஓர் இத்தாலியப் பாட்டி நின்றிருந்தார். பேத்தி அவரைக் காரில் அழைத்து வந்திருந்தாள். நாங்கள் தாண்டி வந்தோமே, அந்தச் செங்கல் குடியிருப்பு, அது நிற்கும் இடத்தில்தான் அவர் பிறந்த வீடு இருந்ததாம். இடிக்கப்போகிறார்கள் என்று நோட்டீஸ் வந்த அன்று அவருடைய அம்மா அடுப்புப் பற்றவைக்கவில்லையாம். கல்யாணமாகி வெளியூர் போனபின்னும் இந்தத் தேதிக்கு வராமல் இருந்ததில்லை என்றார். அம்மாவின் கையிலிருந்த சேலைப் பொதியைக் காட்டி, என்ன அது என்று கேட்டார். பிரித்துக் காட்டினேன். பாட்டி என் மகளை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார், திரியைப் பார்த்தார், புரிந்துகொண்டுவிட்டார். அவருடைய பாட்டியும், சாகக்கிடந்த பிள்ளை பிழைத்தபோது, அதன் எடைக்கு எடை மெழுகுதிரி சுமந்து இதே தெருவில் வெறுங்காலில் நடந்தவராம்.

நேர்த்தி என்றால் என்ன என்று அவருக்கு நாங்கள் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிழைத்த கைக்கு மெழுகுக் கை, குணமான காலுக்கு மெழுகுக் கால் வைத்தவர்கள் அந்த மக்கள். வேளாங்கண்ணியில் நாம் உருவம் வைப்பதுபோலத்தான். மாதாவின் உடையில் மோதிரமும் சங்கிலியும் கைக்கடிகாரமும் குத்திவிட்டுப் போனார்களாம், கூலி வேலை செய்து சேர்த்த நகைகள்.

அவர்கள் இந்த மாதாவைப் பெற்ற விதத்தையும் சொல்ல வேண்டும். தென் இத்தாலியில் பொல்லா என்ற ஊர். அங்கிருந்து வந்தவர்கள் 1881இல் இங்கே ஒரு வீட்டு முற்றத்தில் கூடித் தங்கள் ஊர்த் திருவிழாவைக் கொண்டாடினார்கள். 1884இல் கோயில் எழும்பியபோது, பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு மாலையில் வந்து அஸ்திவாரம் தோண்டினார்கள். பழைய இரும்பு விற்றவர்களும் ஐஸ் விற்றவர்களும் வண்டியும் குதிரையும் கொடுத்தார்கள். கட்டி முடித்த கோயிலில் அவர்களுக்குக் கிடைத்த இடம் எது தெரியுமா? கீழே, அடித்தளம். மேலே ஐரிஷ், ஜெர்மன் கத்தோலிக்கர்கள். இத்தாலியரின் பக்தி கூச்சலும் மூடநம்பிக்கையும் நிறைந்தது என்று மேலிருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். நம் ஊர்க் கோயில்களிலும் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கிய காலம் உண்டு என்பதால் அந்த வலி எனக்கு அந்நியமாகப் படவில்லை. 1904 ஜூலையில் ரோமாபுரியின் அனுமதியோடு மாதாவுக்குப் பொன்முடி சூட்டினார்கள். முடி சூடிய பிறகும் அவள் மக்களோடு கீழேதான் இருந்தாள். 1923இல்தான் மேல் கோயிலின் நடுப்பீடத்துக்கு வந்தாள்.

அந்தப் பீடத்தின் முன்னால்தான் நாங்கள் போய் நின்றோம்.

என்ன எழுதுவது? உயரத்தில் மாதா. கையில் பாலன். இருவருக்கும் உண்மையான கூந்தல், கறுத்து அடர்ந்து தோளில் வழிகிறது. நம் வீட்டுப் பெண் தலை குளித்து முடி விரித்து நிற்பதுபோல எனக்குத் தோன்றியது. அழ வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை, கண்ணீர் தானாக வந்தது. அந்தக் கண்ணாடிப் பெட்டியும், அதற்குள் என் சுண்டுவிரலைப் பிடித்த கையும் நினைவுக்கு வந்தன. அந்தக் கைதான் இப்போது என் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, "அம்மா, மாதா என்னையே பார்க்கிறாள்" என்றது.

அம்மா மகளை முன்னால் நிறுத்தினார். யாருக்கும் அஞ்சாமல், கோவளத்துக் கோயிலில் பேசுகிற அதே குரலில் பேசினார்: "தாயே, இவள்தான் நீ கொடுத்த பிள்ளை. கொண்டுவந்துவிட்டேன். என் கடன் தீர்ந்தது. இனி உன் பாடு." பக்கத்தில் அந்த ஹைத்தி அம்மாள் இரு கைகளையும் விரித்துக் கிரியோலில் கதறிக்கொண்டிருந்தார். பின்னால் பாட்டி இத்தாலிய மொழியில் ஏதோ முணுமுணுத்தார். ஒருவர் சத்தம் இன்னொருவருக்குத் தொந்தரவாக இல்லை. எத்தனை மொழியானாலும் அவளுக்குக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். அன்று கண்ணால் பார்த்தேன்.

திரியைக் கோயிலுக்குள் ஏற்றக்கூடாது என்றார் அங்கே சேவை செய்த ஒரு வயதானவர். அம்மாவின் முகம் வாடியது. உடனே அவரே மூன்று துண்டையும் நூல் அறாமல் இரு கையில் ஏந்திக்கொண்டு போய்ப் பீடத்தின் ஓரத்தில் நீளமாகக் கிடத்தினார். என் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கச் சொல்லி அளவு பார்த்துச் சிரித்தார். ஏற்றுவதைவிட அது அம்மாவுக்கு நிறைவாக இருந்தது. பிறகு பவனி. மாதா தெருவில் இறங்கினாள். இத்தாலியக் கிழவர்கள் முன்னால், பின்னால் ஹைத்தியர்களின் பாட்டு, நடுவே எங்கள் அம்மாவின் தமிழ் மன்றாட்டு மாலை. குடியிருப்புகளின் ஜன்னல்களிலிருந்து பார்த்தவர்களில் எத்தனையோ பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

மறுவாரம் உறவினர் ஒருவர் மல்பெரி தெருவுக்கு அழைத்துப்போனார். அங்கே கொடி உண்டு, பாஸ்தா உண்டு, வாசலில் நின்று கை தட்டி அழைக்கிறவர்கள் உண்டு. செப்டம்பரில் ஜென்னாரோ புனிதருக்கு 1926 முதல் விழாவும் எடுக்கிறார்கள். ஆனால் 2010 டிசம்பரில் வெளியான ஒரு கணக்கெடுப்பு ஆய்வில் அந்த வட்டாரத்தில் இத்தாலியில் பிறந்த ஒருவர்கூடத் தென்படவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. கடை மிஞ்சிய இடத்தில் ஊர் இருப்பதுபோலத் தெரிகிறது. எனக்கு மனம் ஒட்டவில்லை. கிழக்கு ஹார்லெமில் கடையும் போயிற்று, வீடும் போயிற்று. ஆனால் அந்தப் பாட்டி கைத்தடி ஊன்றி வருவதற்கு ஓர் இடம் இருக்கிறது, அவருக்குப் பின் அந்த இடத்தைத் தாங்க ஹைத்தியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இல்லாவிட்டால் ஜூலை 16 அன்று அந்தக் கோயில் இப்படி நிறைந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

போக விரும்புகிறவர்களுக்கு: முந்தின நாள் இரவே போய்விடுங்கள், நள்ளிரவுப் பூசை உண்டு, வெயிலுக்கும் தப்பலாம். பல மொழிகளில் பூசை நடக்கிறது. மெழுகுதிரி உள்ளேயே வாங்குங்கள். முழங்கால் வலி உள்ளவர்களைக் கூட்டிப்போனால் தண்ணீரும் மடக்கு நாற்காலியும் கட்டாயம். அஸ்திவாரம் தோண்டிய அந்தக் கூலிக்காரர்களுக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுங்கள். துண்டு போட்ட அந்த அம்மாளின் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை, அவருக்காகவும் ஒன்று. எங்கள் பிள்ளையைக் காத்த தாயே, அவர்கள் எல்லோர் பிள்ளைகளையும் காத்தருளும்.