காற்று நின்றுபோன மணிநேரங்கள்

புகைபோக்கியிலிருந்து வெளியேறும் மாசு எங்கே, எந்த அளவில் சென்று சேரும் என்பதைக் கணக்கிடும் சிறு நிரலொன்றை ஒருமுறை எழுதிப் பார்த்தேன். ஓராண்டின் வானிலைத் தரவை மணிக்கணக்கில் அடுக்கிக் கொடுத்ததும் சிறிது நேரம் ஓடிய நிரல், பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாது என்று சொல்லி நின்றுவிட்டது. அது நின்ற வரியில் காற்றின் வேகம் பூஜ்ஜியமாக இருந்தது.

பிழை என் நிரலோடு முடிவதில்லை. அது பயன்படுத்தும் காஸியன் மாதிரியின் அடிப்படையிலேயே அந்தப் பிழை இருக்கிறது. புகைத்தாரையின் நடுக்கோட்டிலிருந்து விலக விலக, செறிவு மணி வடிவ வளைவாகக் குறைகிறது என்று கொள்ளும் அந்த மாதிரியில், செறிவு காற்றின் வேகத்துக்கு எதிர் விகிதத்தில் அமைகிறது. நொடிக்கு 4 மீட்டராக வீசிய காற்று 2 மீட்டராகத் தணிந்தால், மற்றவை மாறாதவரை, செறிவு இரட்டிப்பாகும். காற்றே நின்றுவிட்டால் சூத்திரத்துக்குப் பொருள் இல்லை.

தாரை எவ்வளவு விரியும் என்பதற்கு, பிரிட்டிஷ் வானிலையாளர் பாஸ்குவில் 1961-இல் வெளியிட்ட, காற்றின் கொந்தளிப்பை ஏ முதல் எஃப் வரை ஆறாகப் பிரிக்கும் நிலைத்தன்மை வகுப்புகள் இன்றும் பயன்படுகின்றன. வெயில் சுடும் நண்பகலில் கொந்தளிப்பு மிகுந்து புகை விரைவில் கலைந்துவிடும். மேகமற்ற இரவிலோ தரை குளிர்ந்து வெப்பத் தலைகீழ் மாற்றம் (கீழே குளிர்ந்த காற்று, அதன் மேல் வெப்பமான காற்று) ஏற்படுவதால், உயரத்தில் வெளியேறிய புகை மெல்லிய விசிறியாகக் கிடைமட்டத்திலேயே தங்கும். காலை வெயிலில் தரையிலிருந்து எழும் கலப்பு அதை எட்டியதும், இரவெல்லாம் மேலே கிடந்தது சிறிது நேரத்தில் கீழே இறங்கும். (கண்ணுக்குத் தெரியும் புகை நெளிந்து வளைந்து செல்ல, மாதிரி வரையும் தாரை மட்டும் வழவழப்பாக இருப்பதற்குக் காரணம், அது சராசரியை வரைவதுதான்; எத்தனை நிமிடச் சராசரி என்று சொல்லாத செறிவு மதிப்பை நான் நம்புவதில்லை.)

காற்று வீசாத அமைதி நேரங்களைக் கணக்கில் சேர்க்காமல் தாண்டிச் செல்வது பழைய நிரல்களில் வழக்கமாக இருந்தது. கணக்குக்கு அது வசதிதான். ஆனால் 1948 அக்டோபரில் அமெரிக்காவின் டொனோரா என்ற பள்ளத்தாக்கு நகரில் 20 பேர் உயிரிழந்தது, காற்று அசையாமல் மாசு நாள்கணக்கில் தேங்கியபோதுதான். புகையைத் தனித்தனிப் பொதிகளாகப் பின்தொடரும் மாதிரிகள் இந்த நிலையை ஓரளவு நேர்மையாகக் கையாள்கின்றன. விலை, கூடுதல் கணிப்பு நேரமும் நுணுக்கமான காற்றுத் தரவும்.

என் நிரல் இன்னும் பழைய முறையில்தான் ஓடுகிறது. விட்டுவிட்ட மணிநேரங்கள் எத்தனை என்பதை மட்டும் வரைபடத்தின் மூலையில் தடித்த எழுத்தில் அச்சிடச் செய்திருக்கிறேன்.