ஹால் லைட்டை அணைக்கச் சொன்னால் வீடே இருண்டது

சாயங்காலம் ஆறரை மணி, விளக்கு வைக்கிற நேரம். அடுப்பில் பால் விளிம்பைத் தொட்டுவிட்டது. பூஜை ரூமில் பாட்டி திரியை உருட்டிக்கொண்டிருக்கிறார். உள்ளே பையன் லேப்டாப் முன்னால் மேலே சட்டை, கீழே லுங்கியோடு ஆன்லைன் இன்டர்வியூவில். ஹாலில் டிவி பார்க்கும் அப்பாவுக்குத் திரையில் வெளிச்சம் பட்டுக் கூசுகிறது. சொன்னதைக் கேட்டு வேலை செய்யும் அமேசான் ஸ்பீக்கரிடம் "அலெக்ஸா, டர்ன் ஆஃப் ஹால் லைட்ஸ்" என்கிறார்.

"ஓகே" என்கிறது அது. வீடு மொத்தமும் கும்மிருட்டு.

"கரண்ட் போச்சா?" "ஃபேன் சுத்துதே!" "ஐயோ, பாலு!"

ஸ்மார்ட் லைட் போட்ட தமிழ் வீடுகளில் இந்தக் கூத்து ஒரு தடவையாவது நடந்துவிடும். கோளாறு மெஷினில் இல்லை, நம் நாக்கில். அவசரத்தில் 'ஹ' காணாமல் போய் 'ஹால்' என்பது 'ஆல்' ஆகிவிடும். ஆங்கிலக் காதுக்கு 'ஆல் லைட்ஸ்' என்றால் எல்லா லைட்டும். அது சொன்னதைச் செய்தது, அவ்வளவுதான். ரூம் பெயரை 'லிவிங் ரூம்' என்றோ 'ஃப்ரண்ட் ரூம்' என்றோ மாற்றிவிட்டால் பால் தப்பிக்கும்.

பெயர் வைப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. 'பெட்ரூம் 2' என்று வைத்துவிட்டு வெளிச்சத்தை இருபது சதவீதம் ஆக்கச் சொல்லிப் பாருங்கள்: "செட் பெட்ரூம் டூ டு ட்வென்டி." கேட்பவருக்கு டிரம் வாசிக்கிற மாதிரி இருக்கும், மெஷினுக்கும் அப்படித்தான். எண்ணே வேண்டாம். 'பேரண்ட்ஸ் ரூம்', 'கிட்ஸ் ரூம்' என்று ஆளை வைத்துப் பெயர் வைப்பது உத்தமம். ரூமுக்கு 'பெட்ரூம்' என்றும் அதிலுள்ள ஒரே ஒரு பல்புக்கு 'பெட்ரூம் லைட்' என்றும் வைத்தால் எதைக் கேட்கிறீர்கள் என்று அது குழம்பும். பல்புக்கு 'விண்டோ லேம்ப்', 'கார்னர் லேம்ப்' மாதிரி இடத்தை வைத்துத் தனிப் பெயர் கொடுங்கள்.

இப்போது முறை. முதலில் பல்பை அதனுடைய சொந்த ஆப்பில் சேர்க்க வேண்டும். நம் ஊர் ஹோல்டருக்குப் பின் டைப் பல்பு, அதாவது பி22, பார்த்து வாங்குங்கள். திருகுகிற டைப்பை வாங்கி வந்துவிட்டு ஹோல்டரை முறைத்துப் பிரயோஜனமில்லை. சுவிட்சை மூன்று முறை போட்டு அணைத்துப் போட்டால் பெரும்பாலான வைஃபை பல்புகள் படபடவென்று கண் சிமிட்டும். சேரத் தயார் என்று அர்த்தம். இங்கேதான் பலர் மாட்டுவார்கள். இந்தப் பல்புகளில் அநேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும். ரூட்டரில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசையும் ஒரே பெயரில் இருந்து போன் 5இல் உட்கார்ந்திருந்தால், பல்பு சிமிட்டிச் சிமிட்டி ஓய்ந்துபோகும். சேர்க்கிற அந்தப் பத்து நிமிஷத்துக்கு ரூட்டரில் 5ஐ அணைத்துவிடுங்கள்.

அடுத்து அலெக்ஸா ஆப்பில் அந்தப் பல்பு கம்பெனியின் ஸ்கில்லை, அதாவது அலெக்ஸாவுக்கான இணைப்பு ஆப்பை, சேர்த்தால் பல்புகள் பட்டியலில் வந்துவிடும். டிவைசஸ் பக்கத்தில் கூட்டல் குறியைத் தொட்டுப் புது குரூப் உருவாக்கி, ரூம் பெயர் கொடுத்து, பல்புகளை டிக் செய்யுங்கள். எழுந்துவிடாதீர்கள், இன்னொரு டிக் பாக்கி. அந்த ரூமில் இருக்கும் எக்கோ ஸ்பீக்கரையும், அதாவது அலெக்ஸா பேசும் பெட்டியையும், அதே குரூப்பில் சேர்க்க வேண்டும். நிறையப் பேர் விடுவது இதைத்தான். சேர்த்துவிட்டால் ரூம் பெயரே வேண்டாம். "டர்ன் ஆஃப் த லைட்ஸ்" என்றால் அந்த ரூம் மட்டும் அணையும். அப்பா இதைச் செய்திருந்தால் இன்டர்வியூ எடுத்தவர் இருட்டில் இரண்டு கண்ணை மட்டும் பார்த்திருக்க மாட்டார். டேபிள் லேம்ப்பை ஸ்மார்ட் பிளக்கில் மாட்டியிருந்தால், அந்தப் பிளக்கின் செட்டிங்கில் வகையை 'லைட்' என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ரூமே அணைந்தாலும் அது மட்டும் தனியாக எரிந்துகொண்டிருக்கும்.

இவ்வளவும் செய்த பிறகு வீட்டில் ஒரு எதிரி மிச்சம்: அம்மா. படுக்கப் போகும்போது எல்லாச் சுவிட்சையும் தட்டிவிட்டுப் போவது முப்பது வருஷப் பழக்கம். சுவிட்ச் அணைந்தால் பல்புக்கு உயிரில்லை. காலையில் அலெக்ஸா "டிவைஸ் பதில் சொல்லவில்லை" என்று கையை விரிக்கும். "சும்மா எரியாட்டியும் கரண்ட் இழுக்கும்ல?" என்பது அம்மாவின் வாதம். இழுக்கத்தான் செய்யும். ஆனால் எவ்வளவு? காத்திருக்கும் பல்பு அரை வாட் எடுக்கிறது என்று வையுங்கள். இரண்டு மாச பில்லுக்கு 0.72 யூனிட். ஆறு பல்புக்கு நாலு யூனிட் சொச்சம். கணக்கை எழுதிக் காட்டலாம், சுவிட்சின் மேல் செல்லோடேப் ஒட்டலாம். அம்மா செல்லோடேப்பைப் பிய்த்துவிட்டு அணைப்பார்.

அம்மாவை மாற்றுவதைவிட வயரிங்கை மாற்றுவது சுலபம். சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் வைக்கும் தீப்பெட்டி அளவு ரிலே மாட்யூல், அதாவது வைஃபை வழியாகச் சொன்னால் கரண்டைப் போட்டு அணைக்கும் குட்டிப் பெட்டி, கிடைக்கிறது. பல்பு சாதாரண பல்பாகவே இருக்கட்டும். பழைய சுவிட்சுக்கு வந்த பேஸ் வயரும் (கரண்ட் வரும் வயர்) பல்புக்குப் போகும் வயரும் மாட்யூலுக்கு மாறும்; சுவிட்சிலிருந்து இரண்டு தனி வயர் மாட்யூலில் எஸ்1, எஸ்2 என்ற இடத்துக்குப் போகும். அதன்பின் சுவிட்சைத் தட்டினாலும் வேலை செய்யும், வாயால் சொன்னாலும் செய்யும். ஒரே சிக்கல், மாட்யூலுக்கு நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர், வேண்டும். பழைய வீடுகளில் சுவிட்சுக்கு பேஸ் மட்டும்தான் இறக்கியிருப்பார்கள். அதே போர்டில் பிளக் பாயின்ட் இருந்தால் நியூட்ரல் அங்கே இருக்கிறது என்று அர்த்தம். எலக்ட்ரீஷியன் அங்கிருந்து எடுத்துக்கொடுப்பார். மெயின் பெட்டியில் அந்த லைனின் எம்சிபி சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் போர்டைக் கழற்ற வேண்டும். பெட்டி ஆழம் குறைவாக இருந்தால் மூடி மூடாது, அதையும் முன்னாலேயே பாருங்கள். ஸ்மார்ட் பல்பையும் ரிலேயையும் ஒரே லைனில் போடாதீர்கள், ஒன்று இன்னொன்றின் கரண்டை அறுக்கும். ஆசைப்பட்டு 10 ஆம்பியர் மாட்யூலில் 2000 வாட் கீசரை மாட்டவே கூடாது. அது கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். தினமும் அப்படி ஓடினால் உள்ளே கான்டாக்ட் கருகும்.

ராத்திரி இரண்டரைக்குக் கரண்ட் போய் வருவது இன்னொரு தமாஷ். வந்ததும் எல்லா ஸ்மார்ட் பல்பும் முழு வெள்ளையில் கல்யாண மண்டபம் மாதிரி எரியும். கத்தினால் அணையாது, ரூட்டரே இன்னும் எழுந்திருக்காது. பல்பின் ஆப்பில் கரண்ட் திரும்பும்போது பழைய நிலைக்கே போகச் சொல்லும் செட்டிங் இருக்கிறதா என்று தேடுங்கள். ரூட்டருக்கு ஒரு 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் வைத்தால் அலெக்ஸா கூப்பிட்டதும் தயாராக இருக்கும், ஸ்பீக்கருக்கும் இன்வெர்ட்டர் கரண்ட் இருந்தால்.

பாட்டி விஷயத்துக்கு வருவோம். "ஏம்மா அலெக்ஸா, அந்த வெளக்கக் கொஞ்சம் போடேன்" என்கிறார். ஆங்கிலத்தில் வைத்த மெஷின் விழிக்கிறது. ஆப்பில் வாய்ஸ் ஹிஸ்டரியைத் திறந்தால் அது தன் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் ஏதோ கன்னாபின்னாவென்று எழுதி வைத்திருக்கும். பாட்டியைச் சுருக்கமாக ஒரே மாதிரி நாலைந்து முறை சொல்லச் சொல்லி, திரும்பத் திரும்ப வரும் அந்தக் கன்னாபின்னாவையே புது ரொட்டீனின் (இதைச் சொன்னால் இதைச் செய் என்று ஆப்பில் வைக்கும் ஏற்பாடு) கட்டளையாக டைப் செய்து, செயலுக்குப் 'பூஜா ரூம்' குரூப்பைக் கொடுங்கள். பத்தில் ஏழெட்டு தடவை பிடித்துக்கொண்டாலே வெற்றி.

லைட் எரிந்ததும் பாட்டி கும்பிடுகிறார். முன்னெல்லாம் ஒரு கை சுவிட்சில் இருக்கும். இப்போது இரண்டு கையும் காலி.