பால்போல் தெரிந்த சீரம்

காலையில் ஆய்வகத்தின் கதவைத் திறக்கும்போதே வெளியே சிலர் காத்திருப்பார்கள். அவர்களில் யார் கொலஸ்ட்ரால் பரிசோதனைக்காக முந்தைய இரவிலிருந்து சாப்பிடாமல் வந்தவர் என்பதை, மருத்துவரின் சீட்டைப் பார்க்காமலே வாடிய முகத்தைக் கொண்டு சொல்லிவிடலாம். பல ஆண்டுகளாக இரத்தம் எடுத்துவரும் எனக்கு, "வெறும் வயிற்றில்தானே வந்திருக்கிறீர்கள்?" என்ற கேள்வி யோசிக்காமலே வாயில் வந்துவிடும். அதில் கேள்வியைவிட மிரட்டல்தான் அதிகம் என்பது வெகுகாலம் எனக்கு உறைக்கவில்லை.

பணியில் சேர்ந்தபோது எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு வரிதான்: ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரம் உணவு கூடாது, தண்ணீர் குடிக்கலாம். காரணத்தைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். சாப்பாட்டிலுள்ள கொழுப்பு, கைலோமைக்ரான் என்னும் துகள்களாகக் குடலிலிருந்து இரத்தத்தில் வந்து கலப்பதால், ட்ரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பு சில மணி நேரத்துக்கு உயர்ந்து நிற்கும். மொத்தக் கொலஸ்ட்ராலும், நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல்லும் ஒருவேளைச் சாப்பாட்டால் பெரிதாக மாறுவதில்லை. சிக்கல், கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல்லில்தான். பல ஆய்வகங்கள் அதை நேரடியாக அளப்பதில்லை; மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துக் கணக்கிடுகின்றன. ஃப்ரீட்வால்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 1972இல் வெளியிட்ட சூத்திரம் அது. ட்ரைகிளிசரைடு ஏறினால் கணக்கில் எல்டிஎல் பொய்யாகக் குறையும். டெசிலிட்டருக்கு 400 மில்லிகிராமைத் தாண்டினால் சூத்திரமே உதவாது.

ஒருநாள் நடுவயதுப் பெண் ஒருவரின் இரத்த மாதிரிக் குழாயை, வேகமாகச் சுழற்றி இரத்தத்தைப் பிரிக்கும் சென்ட்ரிபியூஜிலிருந்து எடுத்தேன். சிவப்பணுக்கள் அடியில் படிந்திருக்க, தெளிந்த மஞ்சளாக மேலே நிற்கவேண்டிய சீரம் பால்போல் வெளுத்திருந்தது. குழாய்க்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியவில்லை. அவர் சாப்பிட்டுவிட்டு மறைக்கிறார் என்று அந்த நொடியே முடிவுகட்டினேன். தொலைபேசியில் அழைத்து, "அம்மா, இப்படிச் செய்தால் பரிசோதனையே வீண்" என்று சற்றுக் கடுமையாகவே சொன்னேன். "இல்லைங்க, தண்ணீர் மட்டும்தான் குடித்தேன்" என்றார். நான் நம்பவில்லை.

மறுநாள் காலை மீண்டும் வந்தார். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டு முடித்ததை, நான் கேட்பதற்கு முன்பே ஒப்புவிப்பதுபோல் சொன்னார். அந்தக் குழாயும் பால்போலவே இருந்தது. எங்கள் மூத்த பணியாளர் ஒன்றும் பேசாமல் அதில் கொஞ்சத்தைத் தனியே ஊற்றி, குளிர்பதனப் பெட்டியில் இரவு முழுவதும் அசையாமல் வைக்கச் சொன்னார். சாப்பாட்டிலிருந்து வந்த கைலோமைக்ரான்தான் காரணமென்றால், காலையில் அது ஆடைபோல் மேலே திரண்டு நிற்கும். ஆடை இல்லை, மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகக் கலங்கியிருந்தது. கல்லீரல் தானே உருவாக்கி அனுப்பும் விஎல்டிஎல் துகள்கள்தான் அப்படிக் கலங்கலாகவே நிற்கும். அவர் சொன்னது உண்மை. சிகிச்சை தேவைப்பட்ட ஒருவரைப் பொய்யர் என்று எண்ணியிருந்தேன். அறிக்கை வாங்க வந்தபோது மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, எண்களைப் பற்றித்தான் கவலைப்பட்டார்.

இன்னொருவர் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் பெரியவர். வெறும் வயிறு என்று சொல்லப்பட்டதை அப்படியே எடுத்துக்கொண்டு, தண்ணீரைக்கூடத் தொடாமல், ஆனால் வழக்கமான மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு வந்திருந்தார். சட்டைக் கையின் பொத்தானைக் கழற்ற முயன்றார். விரல்கள் நடுங்கியதால் முடியவில்லை. நெற்றியில் வியர்வை. விரல்நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்தபோது சர்க்கரை 54. உடனே சர்க்கரை கரைத்த நீரைக் குடிக்கவைத்தோம். தண்ணீர் குடிக்கலாம் என்றோ, மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்றோ அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. முன்தினம் சீட்டை வாங்கி நேரம் குறித்துக் கொடுத்தவன் நான்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் அப்படிப் பட்டினி கிடந்திருக்கவே தேவையில்லாமல் இருந்திருக்கலாம். வழக்கமான கொலஸ்ட்ரால் பரிசோதனைக்குப் பட்டினி அவசியமில்லை என்று ஐரோப்பிய வல்லுநர் அமைப்புகள் 2016இல் கூட்டாக அறிவித்தன. 2018ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டுதலும் வயதுவந்தவர்களுக்கான முதல் பரிசோதனையைச் சாப்பிட்ட பின்னும் செய்யலாம் என்கிறது. ட்ரைகிளிசரைடு 400 அல்லது அதற்கு மேல் வந்தால் மட்டும் வெறும் வயிற்றில் திரும்பப் பார்க்க வேண்டும். ஆனாலும் மருத்துவர் வெறும் வயிறு என்று எழுதினால் நாங்கள் அப்படியேதான் எடுக்கிறோம். ட்ரைகிளிசரைடை உற்றுப் பார்க்க வேண்டியவர்களுக்கு அது இன்னும் தேவைப்படுகிறது; அதே குழாயில் வெறும்வயிற்றுச் சர்க்கரைக்கும் கேட்டிருந்தால் வேறு வழியும் இல்லை.

எங்கள் படிவத்தில் 'வெறும் வயிறு: ஆம் / இல்லை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. நான் இப்போது அதில் குறியிடுவதில்லை. "கடைசியாக எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டு, சொன்ன நேரத்தைப் பக்கத்தில் எழுதிவிடுகிறேன். அப்படிக் கேட்டால், ஐந்து மணிக்குப் பால் கலந்த தேநீர் குடித்ததையும் தயங்காமல் சொல்லிவிடுகிறார்கள்.